மருதமுனைச் சாரம்: எது பிசிறு, எது பிசிறல்ல

இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள மருதமுனையில் நெய்யும் கைத்தறிச் சாரம், அதாவது இடுப்பில் கட்டும் கைலி, வாங்கப் போகிறவர் நிறத்தைப் பார்ப்பார், கட்டத்தைப் பார்ப்பார், விலை கேட்பார். ஓரத்தை விரித்துப் பார்ப்பவர் குறைவு. அந்தச் சாரம் வருடக்கணக்கில் உழைக்குமா, ஆறு மாதத்தில் வீடு துடைக்கப் போகுமா என்பதைச் சொல்வது ஓரம்தான். நிறம் சாயம் போட்டவரின் வேலை. கட்டத்தில் பாதி, பாவு எனும் நீளவாக்கு நூலை ஓட்டியவரின் வேலை. ஓரம் மட்டும் தறியில் இருந்து நெய்தவரின் கை.

ஓரத்தைப் பற்றிக் கடையில் பேச்சு எழுந்தாலும் ஒரே சொல்லில் முடிந்துவிடுகிறது: "இதுல பிசிறு இருக்கு காக்கா, வேற ஒண்டு காட்டுங்க." முடிச்சு இருந்தாலும் பிசிறு, வெட்டாத நூல்வால் நீட்டிக்கொண்டிருந்தாலும் பிசிறு, தும்பு கிளம்பியிருந்தாலும் பிசிறு. இப்படி எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போடுவதால் நல்ல துணி ஒதுக்கப்படுகிறது, கெட்ட துணி பைக்குள் போகிறது. அதனால் சாரத்தை நிறுக்குமுன் அந்தச் சொல்லை நிறுத்துப் பார்ப்பது பயன்.

பிசிறு என்பது ஓரத்தில் ஒழுங்கில்லாமல் நீட்டிக்கொண்டு நிற்பது. மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும்: ஓரம், ஒழுங்கின்மை, உடலை விட்டுப் போகாமல் ஒட்டி நிற்பது. துணியின் நடுவில் பிசிறு கிடையாது. அங்கே இருப்பது முடிச்சாகவோ இழை விடுபட்ட இடமாகவோ இருக்கும். ஒழுங்காக நீட்டிக்கொண்டிருப்பதும் பிசிறாகாது. துவாய் முனையில் நூல்களைப் பத்துப் பத்தாகச் சேர்த்து முடிந்துவிட்டால் அது குஞ்சம். அதே நூல், அதே நீளம்தான், முடியாமல் விட்டால் பிசிறு. துணியை விட்டு உதிர்ந்துவிட்டதும் பிசிறல்ல, அது தும்பு. இழை உராய்ந்து துணிமேல் கிளம்பும் பஞ்சுக்கும் தும்பு என்றே பெயர்.

தகரம் வெட்டுகிறவரிடமும் கத்திக்கு அரம் போடுகிறவரிடமும் இதே சொல் இதே பொருளில் இருக்கிறது. வெட்டிய தகரத்தின் ஒரு பக்க விளிம்பில் விரலை மெல்ல வைத்து இழுத்தால் தோலைக் கவ்வுமே, அது பிசிறு. மறுபக்கம் வழவழப்பாக இருக்கும். பலகையில் நிற்பதைப் பலர் சிலாம்பு என்பார்கள், அது கையில் ஏறும். கொரகொரப்பு வேறு, அது பரப்புக்கு உரியது, முழுத் துணியுமே கொரகொரப்பாக இருக்கலாம். நைவும் வேறு. நைந்த ஓரத்தில் நூல் நீட்டிக்கொண்டு நிற்காது, இருந்த இடத்திலேயே மெலிந்து வெளுத்துப் போயிருக்கும். பழைய இலக்கியத்தில் பிசிர் என்றால் சிதறும் நீர்த்துளி. ஒன்றாக ஓடவேண்டியதிலிருந்து விளிம்பில் தெறித்து நிற்பது என்ற கருத்து நூலுக்கும் பொருந்துகிறது, பாட்டுக்கும் பொருந்துகிறது. "பிசிறு தட்டாமல் பாடினார்" என்றால் குரல் தன் ஓரம் கலையாமல் நின்றது என்று பொருள். பிசிராந்தையாரை மட்டும் இதற்குள் இழுக்க வேண்டாம். அவர் பெயரில் உள்ளது ஊர்ப்பெயர்.

இனிச் சாரத்துக்கு வருவோம். கல்முனையிலிருந்து ஏ4 வீதியால் மட்டக்களப்புப் பக்கம் வர, பாண்டிருப்பைத் தாண்டியதும் மருதமுனை. அம்பாறை மாவட்டத்தில் நெசவு என்றால் முதலில் வாயில் வரும் ஊர். சேலை, துவாய், படுக்கை விரிப்பு எல்லாம் நெய்யப்படுகின்றன. சாரத்தை இங்கே எடுத்ததற்குக் காரணம், அதில் ஓரம் மடிப்புக்குள் ஒளியாமல் வெளியே நின்று வேலை செய்கிறது.

தறியில் நீளவாக்கில் ஓடுவது பாவு. இரு பக்கமும் மாறி மாறி ஓடும் ஓடம் போன்ற நாடா குறுக்கே கொண்டுபோகும் நூல் ஊடை. துணியின் அகலம் 46 முதல் 48 அங்குலம். உடுத்தும்போது இதுவே இடுப்பிலிருந்து கணுக்கால் வரையான உயரமாகிறது. நீளத்தில் இரண்டு மீற்றர் அளவு வெட்டி, இரு முனைகளையும் சேர்த்து மூட்டினால் சுற்றளவு. ஆக, தறியில் வலப்பக்கமும் இடப்பக்கமுமாக இருந்த ஓரங்கள் சாரத்தின் மேல் விளிம்பும் கீழ் விளிம்புமாகின்றன. அவற்றை யாரும் மடித்துத் தைப்பதில்லை. தறி கொடுத்தபடியே நிற்கின்றன. கத்தரிக்கோல் பட்ட ஓரங்கள் மூட்டுக்குள் போகின்றன. நெய்த ஓரம், வெட்டு ஓரம் என்ற இந்த இரண்டிலும் பிசிறு வரும், ஆனால் வரும் காரணம் ஒன்றல்ல.

நெய்த ஓரத்தில் ஊடை நூல் அறுவதில்லை. கடைசிப் பாவிழையைச் சுற்றித் திரும்பி வருகிறது. அங்குலத்துக்கு 60 ஊடை என்று வைத்துக்கொண்டால், இரண்டு மீற்றர் துணிக்கு நாடா ஏறத்தாழ 4,700 தடவை ஓடும். ஒவ்வொரு ஓரத்திலும் 2,350 திருப்பம். 48 அங்குல அகலத்துக்கு ஊடை மட்டும் ஐந்தே முக்கால் கிலோமீற்றர் நூல் போகிறது. இரட்டை முறுக்கு, அதாவது இரு இழை சேர்த்து முறுக்கிய, 80 ஆம் இலக்க மெல்லிய நூலாக இருந்தால் அதன் எடை 85 கிராம் அளவில் வரும். இத்தனை திருப்பமும் ஒரே இறுக்கத்தில் விழ வேண்டும். ஒரு சாரத்தின் ஓரம் கோடு போட்டதுபோல் நேராக இருந்தால் அதன் பின்னால் எவ்வளவு பொறுமை இருக்கிறது என்பதை இந்தக் கணக்கு காட்டும்.

ஊடை தளர்ந்தால் ஓரத்தில் ஒன்று இரண்டு மில்லிமீற்றருக்குக் கண்ணி கண்ணியாக நூல் வெளியே நிற்கும். நாடாவுக்குள் இருக்கும் தாரில், அதாவது ஊடை நூல் சுற்றிய சிறு குழலில், நூல் தளரச் சுற்றப்பட்டிருக்கும், அல்லது நாடா பெட்டிக்குள் போய் மோதித் திரும்பத் துள்ளியிருக்கும். இந்தக் கண்ணிதான் நெய்த ஓரத்தின் உண்மையான பிசிறு. சைக்கிள் பெடல், கட்டில் ஆணி, காலில் கிடக்கும் கொலுசு, எதுவானாலும் கண்ணிக்குள் மாட்டினால் ஊடையை இழுத்துக்கொண்டு போகும். அந்த இடத்தில் துணியின் குறுக்கே ஒரு சுருக்கக் கோடு விழும்.

இறுக்கம் கூடினால் நேர்மாறு. ஓரம் உள்ளே இழுபடும். ஓரத்துப் பாவிழைகள், அவற்றைப் பிரித்து நிறுத்தும் சீப்புப் போன்ற அச்சின் பல்லில் சாய்ந்து உராய்ந்து தும்பாகி அறும். தறியை நிறுத்தி அறுந்த இழைக்கு முடிச்சுப் போடாமல் நெய்துகொண்டே போனால், அந்த நீளம் முழுக்க ஓரத்தில் பிடிப்பில்லை. இது கண்ணுக்கு உடனே தெரியாது. விரலுக்குத் தெரியும். கட்டை விரலையும் ஆட்காட்டி விரலையும் ஓரத்தில் வைத்து ஒரு முனையிலிருந்து மறு முனைவரை இழுத்துக்கொண்டு போங்கள். தடிப்பு ஒரே சீராக வந்து, ஓரிடத்தில் திடீரென மெலிந்தால் அங்கே இழை விட்டுப்போயிருக்கிறது. இன்னொரு பிழை, ஓரம் வாள்பல் மாதிரிப் போவது. நெய்யும்போது துணியின் அகலத்தை இழுத்துப் பிடிக்கும் ஊசிமுனைக் குச்சியை நெய்த அளவுக்கு அடிக்கடி முன்னால் நகர்த்தாமல் விட்டால் இப்படி வரும். அகலம் கொஞ்சம் கொஞ்சமாக ஒடுங்கி, குச்சியை நகர்த்திய இடத்தில் மீண்டும் விரியும். வாங்குகிறவர் இரு ஓரங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து மடித்துப் பார்த்தால் போதும். ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் கூடிக் குறைந்தால் வேண்டாம் என்று வைத்துவிடலாம்.

கடற்கரை ஊர் என்பதால் உப்புக் காற்றும் ஒரு காரணம். அச்சின் பற்கள் உருக்கு. துரு ஏறினால் பல்லிலேயே நுண்ணிய பிசிறு எழும், அது பாவிழையைச் சீவிச் சீவித் தும்பாக்கும். ஒரே நேர்கோட்டில், நீளவாக்கில், துணி முழுக்கத் தும்பு நின்றால் அச்சில் அந்த ஒரு பல் பழுது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் மருதமுனை இழந்தவற்றில் தறிகளும் உண்டு. கடலோரத்தில் தறி வைத்திருப்பவருக்கு எண்ணெய்த் துணியால் அச்சைத் துடைத்து வைப்பது அன்றாட வேலைக்குள் ஒன்றாக இருக்கவேண்டியது.

நல்ல சாரத்தின் அடையாளம் ஓரத்துக் கால் அங்குலத்தில் இருக்கிறது. அந்த இடத்தில் பாவிழைகளை இரண்டிரண்டாகச் சேர்த்துக் கோத்திருப்பார்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நடுத்துணி பளிச்சென்றும் ஓரப்பட்டி இருண்டும் தெரியும். நகத்தால் குறுக்கே கீறினால் சின்னப் படி ஏறுவதுபோல் தட்டும். மெல்லிய நூல் சாரத்தில் இந்த இரட்டை இழை இல்லையென்றால், மற்ற எல்லாம் அழகாக இருந்தாலும் அதற்கு அந்த விலை கொடுப்பது வீண்.

பிசிறல்லாத ஒன்றை இங்கே காப்பாற்ற வேண்டும். ஒரு தாரில் பத்துக் கிராம் நூல் இருந்தால் ஒரு சாரத்துக்குள் எட்டு ஒன்பது தடவை தார் மாற்ற வேண்டும். பழைய நூலின் வாலும் புதிய நூலின் தலையும் ஓரத்துக்குள் ஓர் அங்குலம் மடக்கி விடப்படும். மிச்சம் வெளியே ஒரு நூல்வாலாகத் தொங்கும். கத்தரிக்கோலால் ஓரத்தோடு ஒட்ட வெட்டினால் முடிந்தது. இப்படி ஏழெட்டு வால் இருப்பது கைவேலையின் தடம், குறையல்ல. வெட்டாமல் பிடித்து இழுத்துப் பார்க்கிறவர்கள்தான் துணியைக் கெடுக்கிறார்கள்.

கடையில் ஏமாறும் இடம் கஞ்சி. புதுச் சாரம் மொடமொடவென்று இருக்கும். கஞ்சி ஓரத்துக் கண்ணிகளையும் தும்பையும் படிய வைத்து ஒட்டியிருக்கும், மேலே இஸ்திரியும் போட்டிருப்பார்கள். கடைக்காரர் சொல்வார், "கழுவினா மறுகா நல்லா மெதுவாகும்." மெதுவாகும் என்பது உண்மை, பிசிறு எழுவதும் அப்போதுதான். ஆகவே கடையிலேயே ஒரு மூலையை இரண்டு விரலகலத்துக்கு ஈரமாக்கிக் கசக்கிப் பார்க்க அனுமதி கேளுங்கள். துணியில் நம்பிக்கை உள்ளவர் மறுக்க மாட்டார். கசக்கிய பிறகும் ஓரம் தட்டையாகக் கிடந்தால் நெசவு சரி. கயிறுபோல் சுருண்டால் ஓரத்துக்கும் நடுவுக்கும் இறுக்கம் ஒக்கவில்லை. அதே ஈரத்தில் வெள்ளைக் கைக்குட்டையை அழுத்தினால் சாயம் போகுமா என்பதும் தெரிந்துவிடும், குறிப்பாகக் கருஞ்சிவப்பிலும் கருநீலத்திலும்.

கைத்தறி என்று சொல்லி மின்தறித் துணி வருவதையும் ஓரம் காட்டிக்கொடுக்கும், ஆனால் பாதிதான். நாடா இல்லாத நவீன மின்தறியில் ஒவ்வொரு ஊடையும் ஓரத்தில் வெட்டுப்படுகிறது. அதனால் இரு பக்கமும் பிரஷ் மயிர்போல் ஒரே நீளத்தில் நூல் நுனிகள் நிற்கும், அல்லது அவற்றை உள்ளே மடித்துக் கட்டியிருப்பார்கள். அதைக் கண்டால் கைத்தறி இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம். நாடா உள்ள பழைய மின்தறியிலோ ஊடை திரும்பித்தான் வரும். அங்கே ஓரத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஊடையின் நெருக்கம் பத்து அங்குலத்துக்குள் சிறிது கூடிக் குறைகிறதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். கையால் அடித்த துணியில் அந்த ஏற்றத்தாழ்வு இருக்கும், இயந்திரத்தில் இராது. ஓரத்தில் வரிசையாகத் தெரியும் ஊசித்துளையை வைத்து முடிவு செய்யாதீர்கள். அகலம் பிடிக்கும் குச்சி கைத்தறியிலும் துளை போடும்.

வெட்டு ஓரம் தையல்காரர் கையில் இருக்கிறது. நூலுக்கு நூல் நேராக வெட்டாததுதான் பாதிப் பிசிறுக்குக் காரணம். கண் மதிப்பில் வெட்டினால் கத்தரிக்கோல் ஊடைகளைச் சாய்வாகத் தாண்டிப் போகும். அரைகுறையாக அறுந்த ஊடைகள் ஒவ்வொன்றாக உதிரும், மூட்டிய பிறகு கட்டமும் பொருந்தாது. சரியான முறை இது: வெட்ட வேண்டிய இடத்தில் ஊடை ஒன்றை ஊசி முனையால் கிளப்பி, அகலம் முழுக்க உருவி எடுங்கள். ஒரு மெல்லிய கோடு தெரியும். அந்தக் கோட்டில் வெட்டுங்கள். நூல் வழியில் அறுந்தால் உள்ளே நாலைந்து ஊடை தள்ளி வேறொன்றை உருவலாம்.

மூட்டும்போது இரு முனைகளையும் கட்டத்துக்குக் கட்டம் பொருத்தி, ஒன்றரைச் சென்ரிமீற்றர் உள்ளே தைத்து, ஒரு பக்கத்து மிச்சத்தைப் பாதியாக வெட்டி, மறுபக்கத்தால் அதைப் போர்த்தி மடித்து இரண்டாம் தையல் போட வேண்டும். வெட்டு நுனி இரண்டும் மடிப்புக்குள் பூட்டப்பட்டுவிடும். இனி அங்கிருந்து பிசிறு வர வழியில்லை. அங்குலத்துக்குப் பத்துப் பன்னிரண்டு தையல், 11 அல்லது 14 ஆம் இலக்க ஊசி. ஊசி முனை மழுங்கியிருந்தால் நூலுக்கிடையில் போகாமல் நூலையே குத்தி அறுக்கும். வேகத்துக்காக ஓவர்லொக் மட்டும் அடித்துக் கொடுக்கிறார்கள். நெருக்கமான துணிக்கு அது தாங்கும். ஐதான துணியில் ஓவர்லொக் சங்கிலி ஓரத்து நாலு நூலோடு சேர்ந்து அப்படியே கழன்று வந்துவிடும். கூடக் கொஞ்சம் கூலி கேட்டாலும் மடிப்புத் தையலே போடச் சொல்லுங்கள். முதலில் ஒருமுறை நனைத்து உலர்த்திவிட்டு மூட்டினால் இன்னும் நல்லது. பருத்தி முதல் தண்ணீரில் நூற்றுக்கு மூன்று நாலு பங்கு சுருங்கும், 48 அங்குலத்தில் அது ஒன்றரை, இரண்டு அங்குலம். உயரமானவர் இதைக் கணக்கில் வைத்தே வாங்க வேண்டும்.

மெழுகுதிரியில் ஓரத்தைக் காட்டிப் பிசிறை எரிப்பது நைலோனுக்கும் பொலியெஸ்டருக்கும்தான் சரி. அவை உருகி ஒட்டும். பருத்தி உருகாது, எரிந்து கருகி இன்னும் பொடிப்பொடியாகும். நகப்பூச்சுத் தடவினால் காய்ந்து விறைத்துத் தொடையைச் சீவும். கைத்தறிச் சாரத்துக்கு இரண்டும் வேண்டாம்.

எதை வாங்கலாம்? இரட்டை முறுக்கு 40 ஆம் இலக்க நூலில் நெய்த கட்டச் சாரம் முதலிடம். தோட்டம், வயல், தோணி என்று எங்கு கட்டினாலும் ஓரம் தாங்கும். நூல் தடிப்பானதால் திருப்பங்கள் இறுகிப் படியும், ஓரிரு கண்ணி இருந்தாலும் இரண்டு கழுவலில் அடங்கிவிடும். 80 ஆம் இலக்கத்துச் சாரம் உடலுக்கு இதமாக இருக்கும், பெருநாளுக்கும் கலியாண வீட்டுக்கும் அழகு. நூலின் இலக்கம் கூடக் கூட நூல் மெல்லிது என்பதை மனத்தில் வையுங்கள்: ஒரு றாத்தலில் 840 யார் நீளச் சிட்டம் எத்தனை நிற்கும் என்பதே அந்த இலக்கம். ஓரம் இரட்டை இழையாக இருந்தால் மட்டும் 80 ஆம் இலக்கத்தை எடுங்கள். கரையில் ரேயோன் மினுக்கம் வைத்த சாரம் மூன்றாம் இடம். ரேயோன் வழுக்கும் நூல், நனைந்தால் பலம் வெகுவாகக் குறையும், பருத்தியோடு சேர்ந்து ஒரே அளவில் சுருங்குவதுமில்லை. சில கழுவலில் கரை நெளிந்து, வெட்டு முனையில் மினுக்க நூல் தனித்தனியாக எழும்பும். அழகுக்கு ஆசைப்பட்டு வாங்குகிறவர் கரை துணியின் ஓரத்திலேயே முடிகிறதா, அதற்கு வெளியே பருத்திப் பட்டி ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். பருத்திப் பட்டி இருப்பது பாதுகாப்பு.

துவாய் வாங்கினால் குஞ்சத்தை எண்ணத் தேவையில்லை, முடிச்சைத் துணிப் பக்கம் தள்ளிப் பாருங்கள். முடிச்சு கடைசி ஊடையோடு ஒட்டி நிற்க வேண்டும். நடுவில் அரை அங்குலம் இடைவெளி இருந்தால் அந்த இடைவெளிக்குள் ஊடைகள் இறங்கிக் கழலும். சேலையில் தலைப்புக்கும் இதே சோதனை போதும். படுக்கை விரிப்பின் முனைகள் மடித்துத் தைத்தே வருவதால் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு ஓரத்தைத் தின்பது கல். கிணற்றடியில் சாரத்தைக் கயிறாக முறுக்கி அடிக்கும்போது முதலில் கல்லில் படுவது ஓரம். பிரஷ் போட்டுத் தேய்ப்பதும் கீழ் விளிம்பின் அழுக்குக்காகத்தான். இரண்டும் நல்ல ஓரத்திலும் பிசிறு எழுப்பும். சவர்க்காரத் தண்ணீரில் அரை மணித்தியாலம் ஊறவைத்து, கீழ் விளிம்பை உள்ளங்கைகளுக்கிடையில் கசக்கினால் போதும். கடற்கரையிலிருந்து வந்த சாரத்தை முதலில் உதறி, மணல் போகும்வரை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுச் சவர்க்காரம் போடுங்கள். மணல் நூலுக்குள் இருக்கக் கசக்கினால் அரம் போட்ட மாதிரி. கொடியில் ஓரத்தைக் கவ்வி மாட்டாமல் நடுவில் மடித்துப் போடுங்கள்.

மேல் விளிம்பு, கீழ் விளிம்பு என்று துணியில் எழுதியிருக்காது. தரையில் உரசுவது கீழ் விளிம்பு, அது மேல் விளிம்பைவிட விரைவில் நையும். கட்டம் இரு பக்கமும் ஒன்றாக உள்ள சாரமென்றால் மாதத்துக்கு ஒருமுறை தலைகீழாக மாற்றிக் கட்டுங்கள், இரண்டு ஓரமும் சமமாக உழைக்கும். ஒரு கண்ணி இழுபட்டுவிட்டால் வெட்டாதீர்கள். துணியைக் குறுக்கே இரண்டு கையாலும் பிடித்து மெல்ல இழுத்து விட்டால் நூல் பெரும்பாலும் தன் இடத்துக்குத் திரும்பும். திரும்பாத மிச்சத்தை ஊசியால் உள்பக்கம் இழுத்து, அடுத்த இரண்டு பாவிழைக்குக் கீழே செருகிவிடுங்கள்.